பதினெட்டு இடங்கள் யாருடையவை? மாநிலங்களவையில் தமிழ்நாட்டின் பிரதிநிதித்துவம்

மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள் உண்டு. அந்த இடங்களில் அமர்பவர்கள் யாருக்காகப் பேச வேண்டியவர்கள் என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையின் காலத்திலிருந்தே விடாமல் தொடர்கிறது. மாநிலத்து மக்களுக்காக என்பது ஒரு விடை. மாநில அரசுக்காக என்பது இன்னொன்று. தங்களைத் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்காக என்பது அரசியலமைப்பின் எழுத்துக்கு நெருக்கமான விடை. கட்சிக்காக என்பதே நடைமுறை என்று கூறுபவர்களும் உண்டு. இந்த நான்கு விடைகளுக்கும் தனித்தனி வரலாறும் தனித்தனிப் பலவீனமும் இருக்கின்றன. இதுவரை நடந்த விவாதத்தின் பெரும்பகுதி இடங்களின் எண்ணிக்கையைச் சுற்றியே நின்றுவிட்டது. மாநிலத்தையும் அதன் உறுப்பினரையும் பிணைக்கும் இழைகள் எவை, அவை எப்போது தளர்ந்தன என்பது எண்ணிக்கையைவிட முக்கியம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த இழைகளின் வரலாற்றைத் தமிழ்நாட்டை முன்வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1967 முதல் மாநிலக் கட்சிகளே ஆண்டுவரும் பெரிய மாநிலம் இது. மாநிலங்களவை உண்மையிலேயே மாநிலங்களின் அவையாக இயங்க முடியுமென்றால், அதற்கான சான்று இங்கேதான் முதலில் தென்பட வேண்டும்.

எண்ணிக்கை வந்த வழி

இரண்டாம் அவை வேண்டுமா என்பதே 1947இல் முடிவாகாத கேள்வியாக இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கிய மேலவைக்குப் பெருஞ்சொத்து உடையவர்கள் மட்டுமே வாக்களித்தார்கள். அந்த நினைவு பலருக்குக் கசப்பாக இருந்தது. 1947 ஜூலையில் அரசியல் நிர்ணய சபையில் மேலவை வேண்டும் என்று வாதாடியவர் என். கோபாலசாமி ஐயங்கார். கண்ணியமான விவாதத்துக்கு இடம் தருவதும், நொடிநேர உணர்ச்சிவேகத்தில் பிறக்கும் சட்டங்களைச் சற்றே தாமதப்படுத்துவதும் அவர் அந்த அவைக்குக் கற்பித்த பணிகள். மாநில உரிமையைக் காக்கும் அரணாக அவர் அதை முதன்மையாக முன்னிறுத்தவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பின்னாளில் இந்த அவையின்மீது ஏற்றப்பட்ட கூட்டாட்சி எதிர்பார்ப்புகள் பலவற்றுக்கு, அதை உருவாக்கியவர்களின் சொற்களில் உறுதியான அடித்தளம் கிடைப்பதில்லை. சென்னை மாகாணத்திலிருந்து தேர்வான அவரே 1952இல் அந்த அவையின் முதல் முன்னவராகவும் ஆனார்.

இடப் பங்கீட்டுக்கு மக்கள்தொகையே அடிப்படையானது. ஆனால் நேர்விகிதம் கைக்கொள்ளப்படவில்லை. முதல் 50 லட்சம் மக்கள்வரை 10 லட்சத்துக்கு ஓர் இடம், அதற்குமேல் 20 லட்சத்துக்கு ஓர் இடம் என்பது விதி. மாநிலம் பெரிதாக ஆக, அடுத்த இடத்தின் விலை ஏறும். அமெரிக்க செனட்டைப் போல எல்லா மாநிலங்களுக்கும் சம இடங்கள் தர வேண்டும் என்ற திருத்தங்களும் முன்மொழியப்பட்டன. அவை ஏற்கப்படவில்லை. இந்த விதிப்படி, 1952இல் அவை கூடியபோது சென்னை மாநிலத்துக்கு 27 இடங்கள் இருந்தன. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956இல் மலபாரும் தென்கன்னடமும் விலகிக் கன்னியாகுமரி வந்து சேர்ந்தது. மொழிவாரிச் சீரமைப்பு முடிந்தபோது சென்னைக்கு 17 இடங்கள் மிஞ்சின. பதினெட்டாவது இடம் ஆந்திரத்துடனான ஓர் எல்லைப் போராட்டத்தின் பயன். அந்தத் தகராறைத் தீர்க்க வந்த பட்டாஸ்கரின் பரிந்துரையையொட்டி 1959இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தால் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. மாநிலங்களவை இடங்களைப் பட்டியலிடும் அரசியலமைப்பின் நான்காம் அட்டவணையில் அதே சட்டம் 17 என்பதை 18 ஆக்கியது. 1960 ஏப்ரல் 1 முதல் அந்த எண் மாறவில்லை.

அட்டவணை கணக்கில் கொண்டது அன்றைய மக்கள்தொகையை. இன்றைய எல்லைக்குள் தமிழ்நாட்டில் 1951இல் சுமார் 3 கோடிப் பேர் இருந்தார்கள், ராஜஸ்தானில் சுமார் 1.6 கோடிப் பேர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 7.21 கோடி, ராஜஸ்தான் 6.85 கோடி, மத்தியப் பிரதேசம் 7.26 கோடி. இடங்களோ முறையே 18, 10, 11. மக்களவை இடங்களை 1976இல் 42ஆம் திருத்தம் வெளிப்படையாக உறையவைத்தது. மாநிலங்களவை இடங்களை எந்தத் திருத்தமும் உறையவைக்கவில்லை. மாநிலங்கள் பிரியும்போதும் எல்லை மாறும்போதும் மட்டும் அட்டவணையைத் தொட்டு, மற்ற நேரங்களில் விட்டுவிடும் வழக்கமே அவற்றை உறையவைத்தது. இந்த வேறுபாட்டைப் பொதுவிவாதம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆனால் அதன் விளைவு சிறியதன்று. நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 6 சதவீதமான தமிழ்நாடு, மக்களவையில் 7.2 சதவீத இடங்களையும், மாநிலங்களவையின் தேர்ந்தெடுக்கப்படும் 233 இடங்களில் 7.7 சதவீதத்தையும் பெற்றிருக்கிறது.

சம இடங்கள் என்ற கோரிக்கை

எண்ணிக்கை பற்றிய வாதத்துக்குத் தமிழ்நாடு அளித்த முக்கியப் பங்களிப்பு ராஜமன்னார் குழுவின் அறிக்கை. மத்திய-மாநில உறவுகளை ஆராய 1969இல் மு. கருணாநிதி அரசு அமைத்த அந்தக் குழு, 1971இல் அளித்த அறிக்கையில், மக்கள்தொகை எதுவானாலும் எல்லா மாநிலங்களுக்கும் மாநிலங்களவையில் சமமான இடங்கள் தரவேண்டும் என்றது. நாற்பது ஆண்டுகள் கழித்து, மத்திய அரசே அமைத்த பூஞ்சி ஆணையமும் 2010இல் அதே கருத்தை எழுதியது. கூட்டாட்சியில் உறுப்பு மாநிலங்கள் அளவால் வேறுபட்டாலும் தகுதியால் சமம், அந்தச் சமத்துவத்துக்கு ஓர் அவையாவது சாட்சியாக இருக்க வேண்டும் என்பது இந்த நிலைப்பாட்டின் அடிநாதம். இதன் தார்மீக வலிமை மறுக்க முடியாதது. 31 இடங்கள் உள்ள உத்தரப் பிரதேசமும் ஓர் இடம் உள்ள நாகாலாந்தும் ஒரே வகை மாநிலங்கள் என்று சொல்லிக்கொண்டே, இந்த இடைவெளியை எளிதில் நியாயப்படுத்திவிட முடியாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் ஆகியவற்றின் 8 இடங்களை ஒதுக்கிவிட்டால், 28 மாநிலங்களுக்கு 225 இடங்கள் உள்ளன. சமமாகப் பிரித்தால் மாநிலத்துக்கு எட்டு இடங்கள். தமிழ்நாடு பத்து இடங்களை இழக்கும். தென்மாநிலங்கள் ஐந்தும் சேர்ந்து இன்று 57 இடங்கள் வைத்திருக்கின்றன. அது 25 சதவீதத்துக்குச் சற்று மேல். சமப் பங்கீட்டில் அந்தப் பங்கு 18 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். இந்தி பேசும் ஒன்பது மாநிலங்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாகக் குறையும். வடகிழக்கின் எட்டு மாநிலங்களின் பங்கோ 6 சதவீதத்திலிருந்து 28 சதவீதத்துக்கு மேல் உயரும். வடகிழக்குக்குக் கூடுதல் குரல் கிடைப்பது நியாயமாக இருக்கலாம். அந்த மாநிலங்கள் நெடுங்காலமாகப் பெற்றுவந்த கவனக்குறைவை நினைத்தால் அது தேவையாகக்கூட இருக்கலாம். ஆனால் தெற்கின் பங்கைப் பாதுகாக்கும் வழியாகச் சம இடங்களை முன்வைப்பவர்கள் இந்தக் கணக்கை எதிர்கொண்டே ஆக வேண்டும். ராஜமன்னார் குழு தன் மாநிலத்தின் உடனடி லாபத்தைப் பார்க்காமல் கொள்கையின் பக்கம் நின்றது என்று இதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் அந்தக் கொள்கையை இன்றைய தமிழ்நாட்டுக் கட்சி ஒன்று எந்தத் தயக்கமுமின்றி ஏற்குமா என்பது வேறு விஷயம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பங்கு சுருங்கினாலும், பெரிய மாநிலங்களின் கூட்டு ஆதிக்கம் உடையும், அதனால் தமிழ்நாடு புதிய கூட்டாளிகளைப் பெறும் என்பார்கள். மாநிலங்களவை உறுப்பினர்கள் மாநிலவாரியாக அணிதிரண்டு வாக்களித்தால் இந்த மறுப்பு நிற்கும். அவர்கள் அப்படி வாக்களிப்பதில்லை. ஆஸ்திரேலிய செனட்டில் எல்லா மாநிலங்களுக்கும் 12 இடங்கள் உண்டு. அங்கும் வாக்குகள் கட்சிவழிதான் பிரிகின்றன. மத்தியில் ஆட்சி மாறும்போதெல்லாம் சிறிய மாநிலங்கள் அங்கே ஆளும் கட்சி பக்கம் சாயும் வழக்கம் இந்தியாவில் வலுவாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், சம இடங்கள் மாநிலங்களை வலுப்படுத்தும் என்பது நிறுவப்படாத ஊகமாகவே இருக்கிறது.

சட்டமன்றம் என்னும் வாசல்

அரசியலமைப்பின் 80ஆம் உறுப்பின்படி, மாநிலங்களவை உறுப்பினர்களைச் சட்டமன்ற உறுப்பினர்கள் விகிதாசார முறையில், ஒற்றை மாற்று வாக்கின் மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மாறும் ஒவ்வொரு சுற்றிலும் தமிழ்நாட்டுக்கு ஆறு இடங்கள், 234 வாக்காளர்கள். 34 முதல் விருப்ப வாக்குகள் கிடைத்தால் வெற்றி உறுதி. ஆளும் கட்சி எல்லா இடங்களையும் அள்ளிக்கொண்டு போக முடியாது என்பதே இந்த ஏற்பாட்டின் அழகு. இதன் மதிப்பை 1962ஐப் போல விளக்கும் ஆண்டு வேறு இல்லை. அந்தத் தேர்தலில் சி.என். அண்ணாதுரை காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் தோற்றார். திமுகவோ 206 பேர் கொண்ட சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பிடித்தது. ஆறு இடங்களுக்கான தேர்தலில் ஒருவர் வெல்ல அன்று 30 வாக்குகள் போதும். அண்ணா டெல்லிக்குப் போனார். 1962 மே முதல் நாள் திராவிட நாட்டுக் கோரிக்கையை அந்த அவையின் நடுவே வைத்தார். 1963இல் பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்கும் 16ஆம் திருத்தத்தையும், ஆட்சிமொழி மசோதாவையும் பற்றி அங்கேயே வாதாடினார்.

அன்று தமிழகத்தை ஆண்டது காமராஜர் தலைமையிலான காங்கிரஸ். அண்ணா சொன்னது மாநில அரசின் நிலைப்பாடு அன்று. ஆனால் ஐந்தாண்டுகளில் மாநிலத்தின் நிலைப்பாடாக ஆகவிருந்த ஒரு பெரும் நீரோட்டத்தின் குரல் அது. ஜெர்மனியின் மேலவையில் மாநில அரசுகளே தங்கள் பேராளர்களை அனுப்புகின்றன, ஒவ்வொரு மாநிலமும் தன் வாக்குகளை ஒரே தொகுப்பாகச் செலுத்துகிறது. உறுப்பினர்கள் மாநில அரசுக்காகவே பேச வேண்டும் என்பவர்கள் அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அந்த முறை இங்கே இருந்திருந்தால் 1962இல் சென்னை மாநிலத்தின் எல்லா வாக்குகளும் காங்கிரஸின் வாக்குகளாக இருந்திருக்கும். அண்ணாவின் குரல் அங்கே ஒலித்திருக்காது. 1952இலும் நிலைமை இதுதான். 375 இடங்களில் 152 மட்டுமே வென்ற காங்கிரஸ் சென்னையில் ஆட்சி அமைத்தது. அதே ஆண்டு சென்னையிலிருந்து மாநிலங்களவைக்குக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சுந்தரய்யாவும், முஸ்லிம் லீக் தலைவர் முகமது இஸ்மாயிலும் போனார்கள். மாநிலம் ஒற்றைக் குரல் கொண்டதன்று என்பதைச் சட்டமன்ற வாசல் அங்கீகரிக்கிறது. அரசு வேறு, மாநிலம் வேறு என்ற தெளிவு இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த வாசலின் பெரிய பலவீனம் அதை மூட முடியும் என்பது. தமிழ்நாட்டு மாநிலங்களவை உறுப்பினர்களின் பதவிக்காலம் மூன்று வெவ்வேறு நாட்களில் முடிகிறது: ஏப்ரல் 2, ஜூன் 29, ஜூலை 24. தொடக்கத்தில் மூன்று சுற்றுகளும் ஏப்ரலில் முடிந்தவை. இரண்டு ஏன் நகர்ந்தன? 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசு கலைக்கப்பட்டது, சட்டமன்றமும் கலைந்தது. ஏப்ரலில் ஆறு உறுப்பினர்களின் காலம் முடிந்தபோது, அவர்களுக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கச் சட்டமன்றம் இல்லை. 1977 ஜூனில் தேர்தல் நடந்து, ஜூலையில்தான் அந்த இடங்கள் நிரம்பின. 1980 பிப்ரவரியில் எம்ஜிஆர் அரசு கலைக்கப்பட்டபோது இதுவே சிறிய அளவில் மறுபடி நடந்தது. அந்தச் சுற்று ஜூனுக்குத் தள்ளிப்போனது. குடியரசுத் தலைவர் ஆட்சியின் தழும்புகள் இந்தத் தேதிகளில் அப்படியே இருக்கின்றன.

1976ஆம் ஆண்டு இடைவெளியை வெறும் நிர்வாகத் தாமதமாக எண்ண முடியாது. அந்த ஆண்டு நவம்பரில் மாநிலங்களவை 42ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. கல்வியும் காடுகளும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது அந்தத் திருத்தத்தால்தான். அரை நூற்றாண்டாகத் தமிழ்நாட்டு அரசியலில் ஆறாத புண்ணாக இருப்பது அந்த மாற்றம். அது நிறைவேறியபோது தமிழ்நாட்டுக்குரிய இடங்களில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருந்தது. அவை நிரம்பியிருந்தாலும், அவசரநிலைக் கால நாடாளுமன்றத்தில் முடிவு மாறியிருக்காது என்று மறுக்கலாம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கேள்வி முடிவைப் பற்றியதன்று. ஒரு மாநிலத்தின் அதிகாரம் குறைக்கப்படும் தருணத்தில், அந்த மாநிலத்தின் பிரதிநிதித்துவத்தை மத்திய அரசின் ஓர் ஆணையே சுருக்கிவிட முடிகிறது என்பதே கேள்வி. இது பழங்கதையும் அன்று. ஜம்மு காஷ்மீரின் நான்கு இடங்களும் 2021 பிப்ரவரியிலிருந்து 2025 அக்டோபர்வரை காலியாகவே கிடந்தன. பொம்மை வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அரசுக் கலைப்பை அரிதாக்கியது. ஆனால் சட்டமன்றம் இல்லாத காலத்தில் மாநிலங்களவை இடங்களை என்ன செய்வது என்பதற்கு அரசியலமைப்பு இன்றுவரை விடை தரவில்லை.

இருப்பிடமும் வாக்குச்சீட்டும்

மாநிலத்தோடு உறுப்பினரைப் பிணைத்த இரண்டாம் இழை, அவர் அந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அது இருந்தது. நடைமுறையில் அது ஏற்கெனவே பெயரளவுக்கு ஆகியிருந்தது. மன்மோகன் சிங் 1991 முதல் அசாமின் பிரதிநிதியாக இருந்தது பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. அரசியலமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலையா ஆணையம், அவையின் கூட்டாட்சித் தன்மை நிலைக்க இந்த நிபந்தனை இன்றியமையாதது என்று 2002இல் எழுதியது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் அதை நீக்கியது. இந்தியாவின் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் போதும் என்றானது. அதே திருத்தம் ரகசிய வாக்கெடுப்பையும் ஒழித்து, கட்சியின் முகவரிடம் வாக்குச்சீட்டைக் காட்டிவிட்டுப் போடும் முறையைக் கொண்டுவந்தது.

இந்தத் திருத்தத்தை எதிர்த்த குல்தீப் நய்யார் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டு மாற்றங்களையும் சரியென்றது. இருப்பிடம் அரசியலமைப்பு விதித்த தகுதி அன்று, மாநிலத்தின் பிரதிநிதி என்றால் அந்த மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தவர் என்றே பொருள் என்பது தீர்ப்பின் மையம். திறந்த வாக்கெடுப்பு, விலைபோகும் வாக்குகளைத் தடுக்கும் என்ற நோக்கத்தையும் நீதிமன்றம் ஏற்றது. இந்த வாதத்தை எளிதாக ஒதுக்க முடியாது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி வாக்காளராகிவிட முடியுமானால், அந்த நிபந்தனை எதையும் காக்கவில்லை என்பது உண்மைதான். ஒரு மாநிலத்தின் நலனை நன்கறிந்து பேச அங்கே வசித்தாக வேண்டும் என்பதும் கட்டாயமில்லை.

ஆனால் தீர்ப்பின் இரு பாதிகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. இருப்பிடம் தேவையில்லை, ஏனென்றால் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது என்கிறது ஒரு பாதி. சட்டமன்ற உறுப்பினர் தன் சீட்டைக் கட்சிக்குக் காட்டியே போட வேண்டும் என்கிறது மறுபாதி. முதல் பாதியில் சட்டமன்றத்துக்குக் கொடுத்த பொறுப்பை இரண்டாம் பாதி கட்சித் தலைமையிடம் ஒப்படைக்கிறது. தமிழ்நாட்டு அரசியல்வாதிகளின் பாதைகளிலேயே விளைவைக் காணலாம். நிர்மலா சீதாராமன் 2014இல் ஆந்திரப் பிரதேசத்திலிருந்தும், 2016 முதல் கர்நாடகத்திலிருந்தும் தேர்வானார். எல். முருகன் 2021இலும் 2024இலும் மத்தியப் பிரதேசத்தின் உறுப்பினரானார். ப. சிதம்பரம் 2016இல் மகாராஷ்டிரத்தின் பிரதிநிதி, 2022இல் தமிழ்நாட்டின் பிரதிநிதி. இவர்களின் தகுதியையோ உழைப்பையோ இங்கே கேள்விக்குள்ளாக்கவில்லை. தேசியக் கட்சிகளின் கணக்கில் மாநிலங்களவை இடம் எந்த மாநிலத்தில் காலியாகிறதோ அங்கிருந்து எடுத்துக்கொள்ளும் பொது இருப்பாகிவிட்டது என்பதையே இவை காட்டுகின்றன. அந்த இருப்பைக் கொடுக்கும் மாநிலம் பதிலுக்கு என்ன பெறுகிறது என்ற கேள்வியை எவரும் அதன் சட்டமன்றத்தில் கேட்பதில்லை.

கட்சியே மாநிலமாகும்போது

தமிழ்நாட்டின் அனுபவம் இதிலிருந்து ஓரளவு விலகியது. இங்கே தளர்ந்த இழைகளின் இடத்தை மாநிலக் கட்சி எடுத்துக்கொண்டது. திமுகவுக்கும் அதிமுகவுக்கும் வேறு மாநிலத்தில் களமில்லை. அவற்றின் உறுப்பினர் டெல்லியில் எதைச் செய்தாலும் அதற்கான விலையைத் தமிழக வாக்காளரிடமே கொடுத்தாக வேண்டும். முரசொலி மாறன் 1977 முதல் 1995 வரையும், வைகோ 1978 முதல் 1996 வரையும் தொடர்ந்து அந்த அவையில் இருந்ததால், மாநிலத்தின் பிரச்சினைகள் அங்கே தலைமுறை தாண்டிய நினைவோடு பேசப்பட்டன. 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறியது பல பத்தாண்டுகளில் அதுவே முதல்முறை. திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைப்பதில் 2008இலேயே முன்னோடியான மாநிலத்தின் அனுபவம் அதன் பின்னே இருந்தது. மாநிலம் ஒன்று தான் கற்றதைத் தேசத்தின் சட்டமாக்க முயல்வது என்றால் இதுதான். மக்களவை அந்த மசோதாவை நிறைவேற்றவில்லை. 2019இல் வந்த அரசின் சட்டம் வேறு வடிவில் இருந்தது. ஆனாலும் அந்த நாளின் முக்கியத்துவம் குறையவில்லை.

கட்சி என்னும் இந்த இழை நிபந்தனைக்கு உட்பட்டது. 2016 ஆகஸ்டில் சரக்கு சேவை வரிக்கான அரசியலமைப்புத் திருத்தம் வந்தபோது, உற்பத்தி மாநிலமான தமிழ்நாட்டுக்கு வருவாய் இழப்பு வரும் என்று எதிர்த்த அதிமுகவின் 13 உறுப்பினர்களும் வெளிநடப்புச் செய்தார்கள். மசோதா ஓர் எதிர்வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. மாநிலத்தின் அச்சம் பதிவானது, தடையாகவில்லை. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் 125க்கு 105 என்ற கணக்கில் நிறைவேறியது. அதிமுகவின் 11 வாக்குகள் ஆதரவாக விழுந்தன. அவை எதிர்ப்பக்கம் போயிருந்தால் கணக்கு 114க்கு 116 ஆகியிருக்கும். இலங்கைத் தமிழ் அகதிகள் அந்தச் சட்டத்தின் பயனுக்குள் வரவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவரும் அவர்களுக்காக ஒரு திருத்தத்தையாவது பேரம்பேசிப் பெறும் எண்பலம் அன்று அந்தப் பதினொரு பேரிடம் இருந்தது. மாநிலங்களவை வரலாற்றில் தமிழ்நாட்டின் வாக்கு இவ்வளவு கனமாக இருந்த தருணங்கள் மிகக் குறைவு. அது வீணாகப் போனது என்பதே என் மதிப்பீடு.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது இது: அன்று மாநிலத்தை ஆண்டதும் அதிமுகதான், ஆகவே அரசும் உறுப்பினர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள், 2021 செப்டம்பரில் சட்டமன்றம் அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது ஆட்சி மாறிய பிறகு. ஆகவே மாநிலத்தின் நிலைப்பாட்டை மீறினார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? நியாயமான கேள்வி. உறுப்பினர் மாநில அரசோடு ஒத்துப்போவதே பிரதிநிதித்துவம் என்றால் இங்கே பிழை எதுவும் இல்லை என்றாகிவிடும். மாநில அரசே பிரதிநிதித்துவத்தின் அளவுகோல் என்ற விடை எங்கே போதாமற்போகிறது என்பதை இந்த நிகழ்வு தெளிவாகக் காட்டுகிறது. மத்தியில் ஆள்பவரின் தயவு தேவைப்படும் நிலையில் ஒரு மாநில அரசு இருக்கும்போது, அதன் நிலைப்பாடே பேரத்தில் உருவாகிறது. அப்போது உறுப்பினருக்குத் தனித்த மனசாட்சிக்கு இடமுண்டா என்றால், 1985ஆம் ஆண்டுக் கட்சித்தாவல் தடைச் சட்டமும் கொறடாவின் ஆணையும் அதைப் பெரும்பாலும் அடைத்துவிட்டன.

கூட்டணி ஒப்பந்தங்களில் மாநிலங்களவை இடம் ஒரு பங்காக மாறியிருப்பதும் இதே வரிசையில் வருகிறது. 2019இல் வைகோவும் அன்புமணியும், 2025இல் கமல்ஹாசனும் மக்களவைத் தேர்தல் உடன்பாடுகளின் தொடர்ச்சியாகவே அவைக்குச் சென்றார்கள். சட்டமன்றத்தில் போதிய எண்ணிக்கை இல்லாத கட்சிகளின் குரல் இதனால் டெல்லியை எட்டுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தேர்வு பெரும்பாலும் போட்டியின்றியே முடிந்துவிடுகிறது. வாக்கெடுப்புவரை போன 2013ஆம் ஆண்டு விதிவிலக்காகவே நினைவுகூரப்படுகிறது. மாநிலத்தின் சார்பில் ஆறாண்டுகள் பேசப்போகிறவர் மாநிலத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்கும் ஒரு பொது அரங்குகூட இந்த நடைமுறையில் இல்லை.

அவையின் கையில் இருப்பது

இடம் யாருடையது என்பதோடு, அந்த இடத்தால் எதைச் செய்ய முடியும் என்பதும் சேர்ந்தே வருகிறது. மாநிலப் பட்டியலில் நாடாளுமன்றம் சட்டமியற்ற 249ஆம் உறுப்பின்படியும், புதிய அகில இந்தியப் பணிகளை உருவாக்க 312ஆம் உறுப்பின்படியும் இந்த அவையின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும். இரண்டுமே மாநிலங்களின் அதிகாரத்தைக் காக்கும் பூட்டுகள் போலத் தோன்றினாலும், வடிவத்தில் அவை மத்திய அரசுக்கு வழிவிடும் கதவுகள். அவை மறுத்து நின்ற தருணங்களும் உண்டு. மன்னர் மானிய ஒழிப்புத் திருத்தம் 1970இல் ஒரு வாக்குக்கும் குறைவான பின்னத்தில் தோற்றது. மாநிலங்களைத் தாண்டி ஊராட்சிகளை எட்ட முயன்ற 64ஆம் திருத்த மசோதா 1989இல் இங்கே வீழ்ந்தது. ஆனால் ஒரு மாநிலத்தின் எல்லையையே மாற்றும் சட்டத்துக்கு அந்த மாநிலத்தின் ஒப்புதல் தேவையில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் நிராகரித்த பிரிவினை மசோதாவை அடுத்த மாதமே மாநிலங்களவை நிறைவேற்றியது. பண மசோதா என்று பெயரிட்டால் இந்த அவையைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்பதை 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டம் காட்டியது. அந்த வழி எவ்வளவு அகலமானது என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் 2019இல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது.

முடிவாகாதவை

நான்கு விடைகளில் எதுவும் தனித்து நிற்கவில்லை. மக்களின் பிரதிநிதி என்பதற்குத் தேர்தல் முறை இடம் தரவில்லை. அரசின் பிரதிநிதி என்பது 1962இன் அண்ணாவை விலக்கிவிடும், 2019இன் வாக்கை நியாயமாக்கிவிடும். சட்டமன்றத்தின் பிரதிநிதி என்ற விடையே இருப்பவற்றில் வலுவானது. ஆனால் திறந்த வாக்குச்சீட்டு அதன் உள்ளடக்கத்தைக் கரைத்துவிட்டது. கட்சியின் பிரதிநிதி என்பது உண்மைக்கு மிக அருகில் வருகிறது. தமிழ்நாட்டில் அது சில பத்தாண்டுகள் மாநிலத்துக்கு நன்மையாகவும் இருந்தது. அந்த நன்மை கட்சியின் சுயேச்சையைப் பொறுத்தது, அவையின் அமைப்பைப் பொறுத்ததன்று.

சீர்திருத்தங்களில் எளிதாகச் செய்யக்கூடியதும் தாமதிக்கக் காரணமில்லாததும் ஒன்று உண்டு. சட்டமன்றம் கலைக்கப்பட்டிருக்கும் காலத்தில் ஓய்வுபெற வேண்டிய உறுப்பினர்கள், புதிய சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும்வரை தொடரலாம் என்று ஒரு விதி போதும், 1976 மறுபடி நேராது. ஆண்டுக்கொருமுறை உறுப்பினர்கள் சட்டமன்றத்தின் முன் கணக்குச் சொல்வது போன்ற ஏற்பாடுகள் விரும்பத்தக்கவை. ஆனால் கட்சிக் கட்டுப்பாடு இருக்கும்வரை அவை எவ்வளவு பயன்தரும் என்பது ஐயத்துக்குரியது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு அமைத்த குரியன் ஜோசப் குழு ராஜமன்னார் குழுவின் கேள்விகளை மீண்டும் திறந்திருக்கிறது. சம இடங்கள் என்ற பழைய பரிந்துரைக்கு இன்று என்ன பொருள் என்பது அங்கும் கேட்கப்பட வேண்டியது.

தொகுதி மறுவரையறை பற்றி 2025 மார்ச்சில் சென்னையில் கூடிய அனைத்துக்கட்சிக் கூட்டம் உட்பட, இதுவரை நடந்த பேச்சு பெரும்பாலும் மக்களவையைப் பற்றியது. மாநிலங்களவையும் அதே கணக்கில் அடங்கியிருக்கிறது. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகளும் மாநிலங்களவைக்கு 384 இருக்கைகளும் கட்டப்பட்டுள்ளன. அரசியலமைப்பு மாநிலங்களவைக்கு 250 என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது. இன்று இரு அவைகளும் கூட்டாக அமர்ந்தால் 788 பேரில் 245 பேர், அதாவது 31 சதவீதம், மாநிலங்களவையினர். மக்களவை மட்டும் 888 ஆக வளர்ந்தால் அது 22 சதவீதத்துக்கும் கீழே போகும். தமிழ்நாட்டின் 18 இடங்களில் ஒன்றைக்கூடத் தொடாமலேயே அவற்றின் எடை குறைந்துவிடும். நான்காம் அட்டவணையை மாற்ற வேண்டுமானால், மாநிலச் சீரமைப்புச் சட்டங்கள் நீங்கலாக, பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் தேவை. இரு அவைகளுக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதத்துக்கு அப்படியொரு காப்பு எங்கும் எழுதப்படவில்லை.